எனக்காகப் பேசிய பெட்டி

கிராம சபைக்கு எனக்குப் பதிலாகப் போய்ப் பேசும் செயற்கை அறிவுப் பெட்டியிடம், "எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன். இல்லறத்தில் எனக்குக் கைகொடுத்த உத்தி அது. எழுந்து பார்த்தால், மலைக்கு அந்தப் பக்கம் போகும் புதிய உயர்மின் பாதையை ஆதரித்து ஊராட்சி தீர்மானம் போட்டிருந்தது. கம்பிக்கு வழிவிட எங்கள் தென்னந்தோப்பை வெட்டவும் என் பெட்டி, என் குரலிலேயே, சம்மதித்திருந்தது. தோப்பு முழுக்க என் மனைவி நாச்சாயி தண்ணீர் சுமந்து வளர்த்தது.

மாலையில் ஊராட்சித் தலைவர் வந்து, என் பெரிய மனசைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்தினார். நாச்சாயி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், சர்க்கரை இல்லாமல்.

அதன்பிறகு எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். மரம் வெட்டும் ஆட்கள் வருவதற்கு முந்தின நாள், தோப்பில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னும் கோவமா கண்ணு?"

"கோவந்தானுங்க. மரத்துக்காவ இல்ல. மலைக்கு அந்தப் பக்கத்து ஊருல கரண்டு நின்னா, அங்க இருக்கற எந்தங்கச்சிக்கு மூச்சு மிஷினும் நின்னுபோகுது. என்னையக் கேட்டிருந்தாலும் வெட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டிருக்கோணும்."