ஊரிலை எவடம்?

நிலாம்தீன் கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கூர்ப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். பிறகு பிலேந்திரனின் முகத்தைப் பார்த்தார். பார்த்த கண்ணை எடுக்கவேயில்லை.

"இதாலை என்னென்ன வெட்டுறனீங்கள்?"

"கோழி, ஆடு. வேறை ஒண்டுமில்லை அண்ணை."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தில் ஏதோ எழுதினார். ஹலால் பத்திரம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து சமையலறையைப் பார்க்க ஆள் வரும் என்று போன கிழமையே சொல்லியிருந்தார்கள். இப்படிக் கத்தியையும் முகத்தையும் மாறி மாறி ஆராயும் ஆளாக வரும் என்று யார் கண்டது.

ஓஸ்லோவின் புருசெத் பகுதியில் பிலேந்திரன் கடை திறந்து நாலு வருடம். பெயர்ப்பலகையில் தென்னிந்திய உணவகம் என்று போட்டிருந்தான். ஆள் யாழ்ப்பாணம்தான், ஆனால் யாழ்ப்பாணச் சாப்பாடென்றால் வெளிநாட்டுப் பயணிகளுக்கு எங்கே விளங்கப்போகிறது.

மலேசியாவிலிருந்து வரும் தமிழ் முஸ்லிம் பயணிகளுக்குச் சாப்பாடு போடும் பேச்சு, இழுபட்டு இழுபட்டு இப்போதுதான் சரிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை முதல் பஸ், நாற்பது பேர். சுவரில் பத்திரம் தொங்காவிட்டால் பஸ் வேறு கடைக்குப் போய்விடும், பிலேந்திரன் கடையைப் பூட்டிவிட்டுப் பழையபடி ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்க வேண்டியதுதான்.

"கோழி குடுக்கிற ஆளின்ரை ஹலால் கடிதம் எங்கை?"

பிலேந்திரன் முன்பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தான். "மரியரஞ்சனி, பச்சைக் கோப்பினை உடனடியாகக் கொண்டு வரவும். உடனடியாகக் கொண்டு வரவும்."

நிலாம்தீனின் பேனா பாதி வரியில் நின்றது.

"பக்கத்திலைதானே நிக்கிறன், ஏன் ஊருக்கே கேக்கக் கத்துறியள்" என்று முணுமுணுத்துக்கொண்டே மரியரஞ்சனி கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்ல குரல்" என்றார் நிலாம்தீன். கோப்பை அவர் திறக்கவில்லை.

வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. பிலேந்திரனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர் சந்தித்தால் பெயருக்கு முந்தி வரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"அண்ணை எங்கட பக்கத்துத் தமிழ்தான் கதைக்கிறியள். ஊரிலை எவடம்?"

"யாழ்ப்பாணம், சோனகதெரு. தொண்ணூறிலை வெளிக்கிட்டனாங்கள்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த வருடம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஆண், பெண், குஞ்சு, குருமான் என்று இயக்கத்து இளைஞர்கள் ஒரே நாளில் துரத்தியது எந்த யாழ்ப்பாணத்தானுக்குத் தெரியாது. பிலேந்திரன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?"

"நான் கொழும்பிலை அண்ணை. அதுக்கு முதலே வெளிக்கிட்டிட்டன்."

"ஓம்" என்றார் நிலாம்தீன். அதை நம்பிச் சொன்னாரா நம்பாமல் சொன்னாரா என்று பிலேந்திரனால் பிடிக்க முடியவில்லை. "அந்தக் குளிர்ப்பெட்டியைத் திறவுங்கோ."

திறந்தான். நிலாம்தீன் கோழிப் பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அடியில் ஒரு வெள்ளைப் பை கிடந்தது, அதைப் பார்த்ததும் மரியரஞ்சனி கையால் வாயைப் பொத்தினாள்.

வருகிற ஞாயிறு மகள் துஷ்யாவுக்கு மாதா கோயிலில் முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விருந்துக்கு வாங்கிய இறைச்சிக்கு வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இடமில்லையென்று இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறாள் அந்தப் புண்ணியவதி.

"இதென்ன?"

"பண்டி இறைச்சி" என்றான் பிலேந்திரன். "கடைக்கில்லை அண்ணை, வீட்டுக்கு. பிள்ளையின்ரை முதல் நன்மைக்கு. மாதாவாணை, ஒரு துண்டும் இந்தச் சட்டியளிலை படேல்லை."

நிலாம்தீன் படிவத்தை மூடினார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். மரியரஞ்சனி கதவில் சாய்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

பிலேந்திரன் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவன். இப்போது கெஞ்சினான். "நாங்கள் ஒரே ஊர்ச்சனம் அண்ணை. இந்தக் கடை போனால் எங்களுக்கு வேறை வழியில்லை. ரெண்டு நாள் தாங்கோ. எல்லாத்தையும் எறிஞ்சு, பெட்டியைக் கழுவி, புதுச் சட்டி, புதுக் கத்தி வாங்கி, புதுசாக் கோழி இறக்கிறன்."

நிலாம்தீன் மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டு மணித்தியாலம் தாறன். அதுக்குள்ளை முடிஞ்சால் கையெழுத்து வைப்பன்."

"ரெண்டு மணித்தியாலத்திலை என்னெண்டு அண்ணை ஏலும்?"

நிலாம்தீன் குளிர்ச்சட்டையை மாட்டி, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"ஏலும் தம்பி. அண்டைக்கு ஒலிபெருக்கியிலை நீர் எங்கட தெருவுக்குத் தந்ததும் ரெண்டு மணித்தியாலம்தான்."