பன்னிரண்டு அடிக்காத சபை

சபைக் காவலர் ஏணியில் ஏறி, கடிகாரத்தின் பெரிய முள்ளைக் கோலால் பின்னுக்குத் தள்ளினார்.

மறுபடியும் பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம்.

அன்று நண்பகலோடு கூட்டத்தொடர் முடிந்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ரயில் கம்பெனியின் மசோதா இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே நண்பகல் வருவதற்கு அனுமதியில்லை.

ஜன்னல் வெயில் மேற்கே சாய்ந்துவிட்டது. செனட்டர்கள் மதியம் தின்ற பன்றிக்கறிக்கு ஏப்பம் விட்டபடி ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

"அந்தக் கடிகாரத்துக்கு ரயில்காரன் எவ்வளவு குடுத்தானாம்?" என்றாள், மேலே பெண் பார்வையாளர் மாடத்தில் இருந்த வெளியூர்க்காரி.

பக்கத்தில் இருந்த லவீனியா சிரிக்கவில்லை. மனைவியின் சொத்து மனைவிக்கே என்னும் கடைசி மசோதாவுக்காக அவள் காத்திருந்தாள். அது நிறைவேறினால், அப்பா அவளுக்கென்று விட்டுப்போன குதிரைகள் அவளுடையவை. நிறைவேறாவிட்டால் புருஷனுடையவை. அவன் ஏற்கெனவே விலை பேசிவிட்டான்.

அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் செனட்டர் எல்பிரிட்ஜ் டார்பெல். வாத்தியாராக ஆரம்பித்து, வக்கீலாகி, பிறகு எந்தக் கட்சி ஜெயிக்குமோ அந்தக் கட்சிக்காரராகி, ஒரு தேர்தலிலும் தோற்காதவர். பெண்களின் கஷ்டத்துக்காக அவர் கண்ணீர் விடாத மேடை அந்த மாநிலத்தில் இல்லை.

ரயில் மசோதா நிறைவேறியது. மேஜைகள் அதிர்ந்தன.

கடைசி மசோதாவை வாசித்தார்கள். டார்பெல் எழுந்தார். லவீனியா மாடத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து தன் சொந்தக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"தலைவரே, மணி மூன்றரை ஆச்சு! சட்டம் போடுற நாமளே சட்டத்தை மீறலாமா?"

சபை திடுக்கிட்டது. அப்படியொரு சட்டம் இருப்பதே அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. காவலர் ஏணியில் ஏறி முள்ளை முன்னுக்குத் தள்ளினார். தலைவர் சுத்தியலால் தட்டினார். இனி அடுத்த கூட்டத்தொடர் இரண்டு வருஷம் கழித்து.

"தூ! நேர்மையாம் நேர்மை!" என்றாள் வெளியூர்க்காரி. "இந்த ஆளோட ஒருத்தி எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ!"

டார்பெல் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டே மாடப்படி ஏறி வந்தார். லவீனியாவின் முன்னால் தொப்பியைக் கழற்றி, முழங்கையை நீட்டினார்.

"வீட்டுக்குப் போலாமா, லவீனியா? சாயங்காலம் வியாபாரி வந்துடுவான். நீ கூப்பிட்டாத்தானே அந்தக் குதிரைங்க லாயத்தை விட்டு வெளியவே வரும்!"