இரண்டாம் பாகம்

"போனவன் மறுக்காவும் வந்துட்டானுங்களே" என்றார் ராசாத்தாள், முறத்திலிருந்த அவரைக்காயை நறுக்கியபடி.

"ரண்டாம் பாகம்னா வந்துதான ஆகோணும்" என்றார் அவருடைய கணவர் நாச்சிமுத்து, தொலைக்காட்சியிலிருந்து கண்களை எடுக்காமல்.

துடியலூரில் அவர்களுடைய வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குரிய அமைதி நிலவியது. தமிழில் குரல் கொடுக்கப்பட்ட பழைய விண்வெளிப் படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் பாகத்தில் ஆளில்லாத கிரகமொன்றில் இறக்கிவிடப்பட்ட வில்லன், இப்போது பழிவாங்கத் திரும்பியிருந்தான். அந்த முதல் பாகத்தை நாச்சிமுத்துவும் அவருடைய தம்பி தம்பிதுரையும் இளவயதில் ஒரே சைக்கிளில் சென்று பார்த்தவர்கள். தம்பிக்கு அன்றே வில்லனைத்தான் பிடித்திருந்தது.

"இத்தன வருசம் கழிச்சு அப்படியென்னங்க கோவம்?"

"எறக்கி உட்டுப்போட்டுப் போன கேப்டன் அப்பறம் எட்டியே பாக்கலையாமா. கெரகமே தண்ணியில்லாம மண்ணாப் போச்சாமா."

ராசாத்தாளின் கை நின்றது. "நாயமான கோவந்தானுங்க. நம்மூட்டுக் கேப்டனும் அதத்தான பண்ணுனாரு."



பத்தாண்டுகளுக்கு முன் சொத்துப் பிரித்தபோது, மூத்தவர் என்ற முறையில் வீடும் தோட்டமும் நாச்சிமுத்துவுக்கு வந்தன. தம்பிதுரைக்குத் தாராபுரத்து மேட்டுக்காடும், இந்த வீட்டையொட்டிய சிறிய தென்னந்தோப்பும் கிடைத்தன. மேட்டுக்காட்டில் போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் எல்லாம் புழுதிதான் வந்தது. மனம் கசந்து சென்ற தம்பிதுரை, அண்ணன் வீட்டு வாசலை அதன்பின் மிதிக்கவேயில்லை. அண்ணன் மகள் பிரவீனாவின் திருமணத்துக்கும் அவர் வரவில்லை.

"கல்யாணப் பத்திரிகைய ஆள்கிட்டக் குடுத்தனுப்புனா எந்த மானஸ்தன் வருவானுங்க? நேர்ல போயி வெத்தல பாக்கு வச்சுக் கூப்புட்டிருக்கோணும்."

"முடிஞ்சுபோன கதை. உடு."

"எங்கீங்க முடிஞ்சுது? போன வாரந்தான் அவரு பாகத்துல கம்பிவேலி போட்டு, உங்க பேர்ல போர்டு வச்சுப்போட்டு வந்தீங்க. அடுத்தவங்க மண்ணு நமக்கு எதுக்குங்க? ஊரே காறித் துப்புது."

"துப்பறவங்க துப்பட்டும். அவங்க எச்சில், அவங்க தொண்டை."

ராசாத்தாள் கத்தியைக் கீழே வைத்தார். "நான் கல்யாணமாயி வந்தப்ப அவரு பள்ளிக்கோடத்துப் பையனுங்க. அண்ணி, அண்ணின்னு பொறத்தாலயே வருவாரு. தோப்பு இருக்குது, தேங்கா போடறதுக்காச்சும் ஒரு நாளைக்கு வருவாரு, கண்ணுல பாத்துக்கலாம்னு இருந்தேன். அதையும் கெடுத்துப்போட்டீங்க."

நாச்சிமுத்து தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் கூட்டினார்.

"கேள்விப்பட்டு வந்தாருன்னா உங்க கைகால முறிச்சுப் போடுவாருங்க. கேட்டையாச்சும் பூட்டட்டுங்களா?"

"தெறந்தே கெடக்கட்டும். தெம்பிருந்தா வந்து கேக்கட்டும்."

"இந்த வயசுலயும் உங்களுக்கு வீம்பு போகலீங்க."

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவை அறைந்து சாத்தும் ஓசை கேட்டது.

"அண்ணா, வெளிய வாங்க."

ராசாத்தாள் திடுக்கிட்டு எழுந்தார். முறம் கவிழ்ந்தது. "அவருதானுங்க."

"எம்பட தோப்புல வேலி போட நீங்க யாருங்க? இன்னைக்கு ரண்டுல ஒண்ணு பாக்காமப் போகமாட்டேனுங்க. உங்களச் சும்மா உடமாட்டேனுங்கண்ணா."

கடுஞ்சினத்திலும் மரியாதை குறையாத அந்தக் குரல், முன்னைவிடத் தளர்ந்திருந்தது. ராசாத்தாள் கணவரை நோக்கினார். நாச்சிமுத்து எழாமல் அமர்ந்திருந்தார், கண்கள் நிறைந்திருந்தன. அஞ்சிவிட்டார் என்றே அந்த அம்மையார் எண்ணினார்.

"நீங்க உள்ள போங்க. நான் போயிச் சமாதானம் பேசறேன். வேலிய இப்பவே புடுங்கிப் போடறோம்னு சொல்லிடறேன்."

"அவசரப்பட்டுச் சொல்லிப்போடாத அம்மணி. உடனே திரும்பிப் போயிருவான்" என்றார் நாச்சிமுத்து, தாழ்ந்த குரலில். "பத்திரிகைய ஆள்கிட்டக் குடுத்தனுப்புனேன்னு உன்கிட்டச் சொன்னது பொய். நானேதான் கொண்டுக்கிட்டுப் போனேன். பொழுது சாயற வரைக்கும் அவனூட்டு வாசல்லயே நின்னேன், கதவத் தொறக்கல. அதுக்கப்பறமும் எத்தனையோ தடவ போயி நின்னுட்டு வந்தேன்."

துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அவர் வாசலை நோக்கி நடந்தார்.

"கும்புட்டுக் கூப்புட்டப்பல்லாம் வராதவன், வேலி போட்டதும் வந்துட்டான் பாரு. நீ போயி எலையப் போடு."