பூரண சம்மதம்

"இவளேதான்னா! கடை முழுக்கத் தேடினாலும் வேற பொம்மனாட்டியே இல்லை."

விஜயலக்ஷ்மி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் தில்லியில் முனிர்கா சந்துக்குள் இருந்த அந்தக் கடையில் மொத்தமே ஐந்து மேஜைகள். கல்லாவில் நின்ற பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். சின்னக் கண்கள், உருண்டை முகம், காது வரை வெட்டிய முடி.

ராமசுப்ரமணியன் மத்திய அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் அர்விந்த் அனுப்பியிருந்த செய்தியை ஃபைல் பார்ப்பது போல மறுபடி ஒருமுறை படித்தார். 'நான் கல்யாணம் பண்ணிக்கப்போற பொண்ணு இந்தத் தைவான் கடையிலதான் வேலை பார்க்கிறா. நாலு மணிக்கு வாங்க. மீதியை நேர்ல பேசலாம்.'

"வரச் சொன்னவனைக் காணோம். டிராஃபிக்ல மாட்டிண்டானாம்."

"ஒரே பிள்ளைன்னா. போயும் போயும் ஒரு சீனாக்காரியா?"

"தைவான்டி. அது வேற, இது வேற."

"மூஞ்சி ஒண்ணுதானே?"

வரும் வழியில் ஆட்டோக்காரர் 'மதராசி' என்று சொல்லிவிட்டதற்காக, தென்னிந்தியாவில் எத்தனை மாநிலம் இருக்கிறது என்று அவருக்குப் பாடம் எடுத்துவிட்டு இறங்கியவள் அவள்.

அந்தப் பெண் மேஜைக்கே வந்துவிட்டாள். "நமஸ்தே ஆன்ட்டி, நமஸ்தே அங்கிள். அர்விந்த் வீட்லேர்ந்து வர்றீங்கன்னு தெரியும்" என்றாள் சுத்தமான இந்தியில். பெயர் பெய்லிங்காம். குனிந்து இருவர் காலையும் தொட்டாள். விஜயலக்ஷ்மி காலை இழுத்துக்கொள்ள மறந்துபோனாள்.

"உங்களுக்குன்னு தனிக் கடாய்ல பண்ணினது, ஆன்ட்டி. முட்டைகூடக் கிடையாது."

தட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. வெங்காயத்தாள் போட்ட பரோட்டா, ஆவியில் வெந்த வெள்ளை பன், பளபளவென்று வதக்கிய கத்திரிக்காய். கூடவே உயரமான கண்ணாடி டம்ளரில் பால் தேநீர். அடியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ உருண்டைகள்.

"என்னன்னா இது, டீயில ஜவ்வரிசி?"

"அது அப்படித்தான். குடி."

விஜயலக்ஷ்மி ஒரு வாய் உறிஞ்சினாள். இன்னொரு வாய். பிறகு கத்திரிக்காயை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தவள், அதிலிருந்து ஓர் இலையைத் தனியாக எடுத்துக் கணவரிடம் காட்டினாள்.

"துளசின்னா! துளசி போட்டுச் சமைக்கறா. ஆசாரமான குடும்பமாத்தான் இருக்கணும்."

"கைமணம் பார்த்தியா? இதெல்லாம் சொல்லிக் குடுத்து வராதுடி. அந்த ஊர் ரத்தத்துலயே இருக்கணும்" என்று அவர் மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்தார்.

பெய்லிங் இன்னொரு பரோட்டா வைக்க வந்தபோது விசாரணை தொடங்கியது.

"கடை யாரோடது?"

"என்னோடதுதான், அங்கிள்."

"அப்பா?"

"தைபேயில இன்ஜினியர். சிப் தயாரிக்கிற கம்பெனி."

"சொந்த வீடா?"

"ஆமா. தாத்தா காலத்து வீடு."

அவள் உள்ளே போனதும் ராமசுப்ரமணியன் கைபேசியில் எதையோ தேடினார். "அந்த ஊர் பாஸ்போர்ட் இருந்தா பாதி உலகத்துக்கு விசாவே வேண்டாமாம்."

"கண்ணு கொஞ்சம் சின்னது. அதனால என்ன? கலரைப் பாருங்கோ, பாலாட்டம் இருக்கா. குழந்தைகள் எப்படிப் பொறக்கும்!"

"நம்ம சொந்தக்காரா என்ன சொல்லுவான்னுதான்..."

"சொல்லட்டுமே. உங்க தம்பி வீட்ல அமெரிக்கா மாட்டுப்பொண் வந்தப்போ யார் வாயைத் திறந்தா? நம்மாத்துல தைவான்."

அத்துடன் முடிவாகிவிட்டது. விஜயலக்ஷ்மி பெய்லிங்கைக் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள். ராமசுப்ரமணியன் தொண்டையைச் செருமிக்கொண்டு இந்தியில் பேசினார்.

"நாங்க பழைய காலத்து மனுஷங்க இல்லம்மா. ஜாதி, மதம், நாடு எல்லாம் மனுஷன் போட்ட கோடு. குணம்தான் முக்கியம். இந்தக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பூரண சம்மதம்."

பெய்லிங்கின் கண்கள் நிறைந்துவிட்டன.

"நிஜமாவா அங்கிள்? நீங்க ஒத்துக்கவே மாட்டீங்கன்னு அர்விந்த் ரெண்டு வருஷமா பயந்துட்டிருந்தான். உங்களை மாதிரி ஒரு அப்பா அம்மாவை நான் பார்த்ததில்லை."

விஜயலக்ஷ்மிக்கே தன் பெருந்தன்மை பிரமிப்பாக இருந்தது.

அப்போதுதான் அர்விந்த் மூச்சிரைக்க ஓடிவந்தான். "சாரிப்பா, ரிங் ரோடு முழுக்க ஜாம். சாப்பிட்டீங்களா? பிடிச்சுதா?"

"பிரமாதம்டா. எங்க சம்மதத்தையும் சொல்லிட்டோம்."

அவன் நம்பமுடியாமல் பெய்லிங்கைப் பார்த்தான். அவள் வேகவேகமாகத் தலையாட்டினாள். உடனே சமையலறைப் பக்கம் திரும்பி, "ரோஹிணி! ஜல்தி வெளில வா, அப்பா அம்மா சரின்னுட்டா!" என்று கத்தினான்.

திரையை விலக்கிக்கொண்டு, மாவுக்கையைத் துணியில் துடைத்தபடி, கறுத்து மெலிந்த ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் அத்தை, வணக்கம் மாமா. இங்க சமையல் எல்லாம் நான்தான். கத்திரிக்கா நல்லா இருந்திச்சா? எங்களுக்கு ஊரு கள்ளக்குறிச்சி பக்கம். அம்மா வீட்டு வேலை பாக்குறாங்க. இங்க மதராசி கேம்ப்ல குடிசையில இருந்தோம், கவர்மெண்டுல அதை இடிச்சப்புறம் ஊர்க் கோடியில நரேலாவுக்குப் போயிட்டோம்."

ராமசுப்ரமணியன் கையிலிருந்த பரோட்டாத் துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

விஜயலக்ஷ்மி பெய்லிங்கின் கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"ஏண்டா அர்விந்த், இந்தப் பொண்ணுக்கு என்னடா குறைச்சல்?"