மூன்றாவது இலைக்குக் கீழே

“நல்லா பாருங்கம்மா. மூணாவது இலைக்குக் கீழ ஒட்டிக்கிட்டு இருக்கும்,” என்றார் பூச்சி அருங்காட்சியகத்தின் வழிகாட்டி. கண்ணாடிப் பெட்டியைக் காட்டிக் காட்டி அவருக்குக் கையே வலித்தது.

“அங்க குச்சிதாங்க இருக்கு,” என்றாள் அந்தப் பெண்.

“குச்சிப்பூச்சின்னா குச்சி மாதிரிதான் இருக்கும். காலையிலேர்ந்து நாப்பது பேர் பாத்துட்டுப் போயிட்டாங்க. உங்க ஒருத்தர் கண்ணுக்குத்தான் தெரியல.”

“இல்லைங்க, நான் சொல்ல வந்தது…”

“பதினோரு வருஷமா இதைக் காட்டுறேன். எனக்குத் தெரியாததா? பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க, கொஞ்சம் நகருங்க.”

அவள் நகரவில்லை. பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள்.

“பூச்சி வளர்க்குற பிரிவுல நேத்துதான் சேர்ந்தேன். முட்டை போடுற நேரம்னு அதை நேத்து சாயங்காலமே உள்ள கொண்டுபோயிட்டேன். பெட்டி காலின்னு சொல்லத்தான் பத்து நிமிஷமா பாக்குறேன். நீங்க பேச விட்டாத்தானே?”

வழிகாட்டி நீட்டிய விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

அதற்குள் வரிசையில் அடுத்து நின்றவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

“இங்க வா, எனக்குத் தெரிஞ்சிடுச்சு. மீசைகூட ஆடுது பாரு.”