காரவள்ளிக்காரன் ஆட்டம்

"மொதல்ல அவன் குதிரையை எப்படி ஆடறான்னு சொல்லு புள்ளே. மத்ததெல்லாம் அப்புறம்!"

ராமாயி தலையிலிருந்த சும்மாட்டைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் வாசலிலேயே மறித்துக்கொண்டார் அவள் புருஷன் அர்த்தனாரி.

அவசரம் இருக்காதா பின்னே? நாளைக்குக் கோயில் திடலில் அவருக்கும் மலையடிவாரத்துக் காரவள்ளிச் சின்னுசாமிக்கும் சதுரங்க ஆட்டம். அடிவாரத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தோற்கடித்துவிட்ட சின்னுசாமி, 'மலைக்காரங்களுக்குக் கிழங்கு தோண்டத்தான் தெரியும்' என்று சொல்லி அனுப்பியிருந்தான். மலைமேல் திண்ணனூர் நாடே கேட்க அர்த்தனாரி சபதம் போட்டுவிட்டார்: "தோத்தா, என்ற மீசையை எடுத்துடறேன்!"

சாதாரண மீசையா அது? இடது முனை திண்ணனூர் நாட்டில் இருந்தால் வலது முனை பக்கத்துப் பைல் நாட்டில் இருக்கும். முகாம் வந்த வெள்ளைக்காரத் துரை டோலியை நிறுத்தி இறங்கி, மீசைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் மேலே போனார்.

சின்னுசாமி எப்படி ஆடுவான் என்று அர்த்தனாரிக்குத் தெரியாது. போய்ப் பார்க்கலாமென்றால், திருவிழாவுக்காகக் கையில் காப்புக் கட்டியிருக்கிறார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால்தான், மிளகு விற்க அடிவாரச் சந்தைக்குக் கிளம்பிய ராமாயியிடம் அங்கே அவன் ஆடுவதை உளவு பார்த்து வரச் சொல்லியிருந்தார்.

"சொல்றேனுங்க மாமா. ஆரம்பிச்சதும் குதிரையைத்தான் தூக்கறது. மேய விட்ட மாதிரி பலகை பூரா சுத்துது. ஊட்டுல ராஜா தனியாக் கெடக்குதேங்கற நெனப்பே இல்லீங்க."

அர்த்தனாரி தொடையைத் தட்டிச் சிரித்தார். "குதிரைப் பைத்தியமா! அப்புறம்?"

"ஒரு சிப்பாயை முன்னால தள்ளி வெச்சாப் போதும். பலாப்பழ வாசம் புடிச்ச கரடியாட்டம் ஓடி வெட்டறது. பொறி இருக்குமோன்னு யோசிக்கறதே இல்லீங்க."

"சீக்கிரம் சொல்லித் தொலை புள்ளே! நடுவுல என்ன மூச்சு வாங்கறே?"

"எதிராளி கொஞ்சம் யோசிச்சாலும் பொறுக்காதுங்க. அவசரத்துல மந்திரியைத் தூக்கிக் குடுத்துரும். மனசுல திட்டம் ஏதாச்சும் இருந்தா தொண்டையைச் செருமறது வேற. ஆடத் தெரியாத எனக்கே அது தெரிஞ்சு போயிருதுங்க."

அர்த்தனாரி சிரித்த சிரிப்பில் பக்கத்து மலைக் குரங்குகளெல்லாம் கிளை மாறின. "இப்படியும் ஒரு மடையன் இருப்பானா? இவனைக் கட்டிக்கிட்டு இவன் பொண்டாட்டி எப்படித்தான் காலந்தள்ளறாளோ!"

"பாவந்தானுங்க அவ," என்றாள் ராமாயி.

மறுநாள் திடலில் மலை ஒருபுறம், அடிவாரம் ஒருபுறம். நடுவில் பலகை. ஓரத்தில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அர்த்தனாரியின் கை முதலில் குதிரையிடம் போனது. 'சீ! அந்த மடையன் செய்கிற வேலையை நான் செய்வதா?' கை திரும்பி வந்து ராஜாவைச் சுற்றிக் கோட்டை கட்டத் தொடங்கியது.

சின்னுசாமி ஒரு சிப்பாயை நைசாக நீட்டினான். அர்த்தனாரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. 'கரடி வேலை அவனோடு போகட்டும்!' தொடவில்லை.

சின்னுசாமி கன்னத்தில் கை வைத்து யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் ஒரு கொல்லைச் சாமை விளைந்து அறுவடையே ஆகியிருக்கும். அர்த்தனாரி அசையவில்லை. தொண்டைக்கு வந்த செருமலையும் அப்படியே விழுங்கினார்.

ஆனால் ஒன்று. சின்னுசாமி குதிரையைப் பெரிதாகத் தொடவில்லை. அர்த்தனாரி நீட்டிய சிப்பாயைச் சீண்டவில்லை. சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நிதானமாக ஆடினான். 'நம்மைப் பார்த்த பயத்தில் பயல் தன் ஆட்டத்தையே மறந்துவிட்டான்!' என்று அர்த்தனாரி பூரித்துப்போனார்.

பொழுது சாய்கிற நேரத்தில் சின்னுசாமியின் பொறுமை போனது. தன் ராஜாவின் காவலுக்கு நின்ற யானையை அவன் நகர்த்த, அந்தச் சந்தில் அர்த்தனாரியின் யானை புகுந்தது. ராஜாவுக்குப் போக்கிடமே இல்லை.

பறை முழங்கியது. மலையே ஆடியது. சின்னுசாமி எழுந்து கும்பிட்டான். "இத்தனை நிதானமான ஆட்டக்காரரை நான் பாத்ததே இல்லீங்க!"

வீட்டுக்கு வந்ததும் அர்த்தனாரி கேட்டார்: "ஒண்ணுதான் வெளங்கல புள்ளே. நீ சொன்னதுல ஒண்ணைக்கூட அவன் ஆடலியே? சந்தையில சரியாத்தான் பாத்தியா?"

ராமாயி மீசைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:

"சந்தைக்கு எங்கீங்க போனேன்? போற வழியில எங்கண்ணன் ஊட்டுல பலாப்பழம் வெட்டுனாங்க. மிளகை அண்ணங்கிட்டக் குடுத்தனுப்பிட்டு அங்கயே உக்காந்துட்டேன். சேதி இல்லாம வந்தா வைவீங்களேன்னு, தெனமும் நம்ம வாசல்ல நீங்க ஆடற ஆட்டத்தைத்தானுங்க சொன்னேன்!"