புதைத்த செடி

கணவர் இறந்த இருபதாம் நாள், அவர் வளர்த்த தொட்டி மீன்களுக்குத் தீனி வாங்கப் போனேன்.

"அதிகம் வேலை வைக்காத செடியா குடுங்க, இனிமே வீட்டம்மாதான் பாத்துக்கணும்னு அண்ணன் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன், அண்ணி," என்றார் வண்ணமீன் கடைக்காரர்.

சொல்லவில்லை. நோய் தெரிந்தபின் ஐந்து மாதம் அதைப் பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

கணவர் தொட்டியில் வாங்கி வைத்தது அனுபியாஸ் என்ற நீர்ச்செடி. அதிக வெளிச்சம் வேண்டாம், உரம் வேண்டாம். கல்லில் நூலால் கட்டிவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். தண்டை மட்டும் மணலில் புதைக்கக் கூடாது, அழுகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் நூலை அறுத்து, தண்டோடு மணலில் புதைத்தேன். காலையில் செடி கல்லின்மேல் கட்டப்பட்டிருந்தது. நூல் புதியது. வீட்டில் நான் ஒருத்திதான். மறுபடி அறுத்துப் புதைத்தேன். மறுநாளும் கல்லின்மேல் இருந்தது.

மூன்றாம் நாள் புதைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. முழங்கைவரை தண்ணீரில் விட்டு, மணலை அழுத்திக்கொண்டு நின்றேன்.

"எல்லாத்தையும் பேசாமலே செஞ்சிடலாம்னு நெனப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொறஞ்சா போயிருப்பீங்க?" என்று தொட்டிக்குள் கத்தினேன்.

மீன்கள் ஒதுங்கின. தண்ணீர் அசையவில்லை.

பிறகு, தூங்குகிறவளை எழுப்பாமல் அவள் கையை விலக்குவதுபோல, என் சுண்டுவிரல் மெல்லத் தூக்கப்பட்டது. அடுத்தது மோதிரவிரல். அதற்கு மட்டும் கொஞ்சம் நேரமானது.